டிக் செய்தது யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். கணவர் ஐடி-யில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 19 வயது. எதிர்பார்த்த யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்காததால் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தோம். இரண்டு வருடம் படித்துவிட்டு யூசி-க்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) டிரான்ஸ்ஃபர் ஆகலாம் என்று திட்டம். மேஜர் கம்ப்யூட்டர் சயன்ஸ். ஆனால் புரோகிராமிங் பாடத்தில் இரண்டு முறை பாதியில் விலகி 'டபிள்யூ' வாங்கிவிட்டாள். கால்குலஸில் சி. சேரும்போது இங்கே ஒரு நுழைவுத் தேர்வுகூட வைக்கவில்லை. அதனால்தான் இப்படி ஆனதோ என்னவோ. கேரியர் டெஸ்ட் மட்டும் ஆன்லைனில் எழுதச் சொன்னார்கள். அன்று ராத்திரி அவள் ஒவ்வொரு கேள்விக்கும் தயங்கிக்கொண்டே இருந்ததால் என் கணவரே பக்கத்தில் உட்கார்ந்து டிக் செய்து முடித்துக் கொடுத்தார். நான் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் துறை நன்றாகப் பொருந்தும் என்றுதான் அதில் வந்தது. கவுன்சிலரும் அதைப் பார்த்துத்தான் பாடங்களைப் போட்டுக் கொடுத்தார். டெஸ்ட்டே சரியாகச் சொல்லியும் இவள் ஏன் படிக்க மாட்டேன் என்கிறாள்? காலேஜ் கவுன்சிலர் போதவில்லை என்று ஒரு பிரைவேட் கன்சல்டன்ட்டைப் பார்த்தோம். 4,000 டாலர் கேட்கிறார், 500 முன்பணம் கொடுத்திருக்கிறோம். மீதியைக் கொடுக்கலாமா?

– ஒரு தாய்

*

உங்கள் கடிதத்தில் கேள்விக்குறி போட்ட வாக்கியம் இரண்டு. எனக்கு வேண்டிய வாக்கியத்தில் கேள்விக்குறி இல்லை. "என் கணவரே பக்கத்தில் உட்கார்ந்து டிக் செய்து முடித்துக் கொடுத்தார்." பால் பாக்கெட் வாங்கி வந்தார் என்பது போல எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போவதாக இல்லை.

முதலில், அந்த டெஸ்ட் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கேரியர் சென்டர்களில் கொடுக்கும் இந்த மாதிரிச் சோதனைகளில் பல, ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் முன்வைத்த கருத்தின் வழியில் வந்தவை. கையால் செய்வது, ஆராய்வது, கலை, மனிதர்களுக்கு உதவுவது, வியாபாரம் நடத்துவது, கணக்கு வழக்கை ஒழுங்காக வைப்பது என்று ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தரும் ஓ-நெட் இன்டரெஸ்ட் புரொஃபைலரும் இதே வழிதான். அதன் 60 கேள்விப் பதிப்பைத்தான் பலரும் எழுதுகிறார்கள். உங்கள் மகள் எழுதியது (எழுதியது!) இதுவாகவோ இதைப் போன்ற ஒன்றாகவோ இருக்கும்.

அதில் என்ன கேட்பார்கள் தெரியுமா? சமையலறை அலமாரி செய்யப் பிடிக்குமா, டைல்ஸ் பதிக்கப் பிடிக்குமா, புது மருந்து கண்டுபிடிக்க, இசைக்கருவி வாசிக்க, மனக்கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவ, கம்ப்யூட்டரில் ஸ்ப்ரெட்ஷீட் தயாரிக்கப் பிடிக்குமா என்று போகும். ரொம்பப் பிடிக்கும் என்பதில் தொடங்கி சுத்தமாகப் பிடிக்காது என்பது வரை ஐந்து பதில்கள். சரி, தப்பு கிடையாது. பாஸ், ஃபெயில் கிடையாது. ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பும் உண்டு: இதற்கான படிப்போ திறமையோ இருக்கிறதா, எவ்வளவு பணம் வரும் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம், செய்யப் பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பெண்ணின் கல்லூரிச் செலவும் வீட்டுக் கடனும் தலையில் இருக்கிற ஒரு தகப்பன் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, சம்பளத்தை நினைக்காமல் டைல்ஸ் கேள்விக்குப் பதில் போடுவாரா? மனக்கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவுகிற கேள்விக்கு என்ன போட்டார்? இசைக்கருவிக்கு? ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு என்ன போட்டிருப்பார் என்று நானே சொல்லிவிடுவேன்.

டெஸ்ட் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் துறை உங்கள் கணவருக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதில்தான் அவர் வேலையும் பார்க்கிறார். அவருடைய ரத்தத்தை லேபில் கொடுத்து சுகர் பார்த்துவிட்டு, மாத்திரையை மகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது அவளுக்குத் தலை சுற்றுகிறது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அவள் தயங்கினாள் என்கிறீர்களே, எந்தக் கேள்வியில் தயங்கினாள்? எதற்கு 'பிடிக்கும்' பக்கம் விரல் போய், அப்பா முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது? 19 வருடம் அந்தப் பெண்ணை வளர்த்த நீங்கள் இரண்டடி தள்ளி நின்று சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். "விடுங்களேன், அவளே எழுதட்டும். எழுந்து சாப்பிட வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? கணவரின் மீது பழியைப் போட்டு நீங்கள் தப்பிக்க நான் விடமாட்டேன்.

அடுத்து கவுன்சிலர். அவர் கையில் ஒரு டெஸ்ட் முடிவு இருக்கிறது. எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வெளியே வரிசை. செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் முன்பதிவு இல்லாமல் 'டிராப்-இன்' என்று போனால் பத்து, பதினைந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. அந்த நேரத்தில் "இதை நீதானே எழுதினாய்?" என்று எந்தக் கவுன்சிலர் கேட்பார்? அந்தத் தாளை நம்பி எட் பிளான், அதாவது எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்ற திட்டம், போட்டார். எட் பிளானை நம்பி அவள் பாடம் எடுத்தாள். இரண்டு டபிள்யூ வந்தது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கல்லூரியைக் குறை சொல்ல வருகிறீர்கள்.

நுழைவுத் தேர்வு வைக்கவில்லை என்ற புகாரையும் விட்டுவிடுங்கள். முன்பெல்லாம் அக்யூபிளேசர் மாதிரி ஒரு தேர்வு வைத்து, மார்க் குறைந்தால் கீழ்நிலைக் கணக்கு வகுப்பில் தள்ளுவார்கள். அதில் போனவர்களில் பலர் மேலே ஏறி வரவே இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2012-ல் வெளியிட்ட ஆய்வுகள், அந்தத் தேர்வுகள் ஏராளமான பிள்ளைகளைத் தப்பான வகுப்பில் உட்கார வைத்தன, பள்ளி மார்க்கே நன்றாகக் கணித்தது என்று காட்டின. கலிஃபோர்னியா 2017-ல் ஏபி 705 என்று சட்டமே போட்டு, பள்ளி மதிப்பெண்ணை முதலில் பார்க்க வைத்தது. தேர்வு வைத்திருந்தாலும் கணக்கும் ஆங்கிலமும்தான் கேட்டிருப்பார்கள். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்ட ஒரே பரீட்சை அப்பா எழுதிய பரீட்சைதான்.

எனக்கும் சில கொள்கைகள் உண்டு, மறைக்கவில்லை. பதினெட்டு வயதானால் பிள்ளை தன் வழி, பெற்றோர் தங்கள் வழி என்று பேசுகிற கட்சி நான் இல்லை. உங்கள் வீட்டில் சாப்பிட்டு, உங்கள் காரை ஓட்டி, உங்கள் காசில் படிக்கிற பெண் உங்களுக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். முதல் டபிள்யூ விழுந்த அன்றே உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அந்த ராத்திரியே "அப்பா, இது என் பதில் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்ததை அவள் மரியாதை என்று நினைத்திருப்பாள். பெற்றவர்களை இத்தனை நாள் பொய்யான நம்பிக்கையில் வைத்திருப்பது எந்த ஊர் மரியாதை? இந்தப் பத்தியை மட்டும் அவள் கையில் கொடுங்கள். தமிழ் வாசிக்க வராது என்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் பெற்றவர்களின் கடமைக்கும் ஒரு எல்லை உண்டு. பீஸ் கட்டுவது, சோறு போடுவது, அதட்டுவது எல்லாம் கடமை. அவள் பெயரில் பதில் எழுதுவது கடமையில் சேராது. அமெரிக்கச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் கால் வைத்ததும் படிப்பு ஆவணங்களின் உரிமை மாணவர் கைக்குப் போய்விடுகிறது, பதினெட்டு ஆகாவிட்டாலும் சரி. பணம் கட்டுகிறோம் என்பதற்காகக் கல்லூரி எல்லாவற்றையும் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அவள் பாஸ்வேர்டு உங்கள் கணவரிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

(விசா நிலவரத்தையும் நீங்கள் எழுதவில்லை. எச்-4-ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கிற பெண் என்றால் 21 வயதோடு அந்த அந்தஸ்து முடிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் உங்கள் கணவர் இப்படி ஓடுகிறார் என்றால், பயத்தை அவளிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இமிக்ரேஷன் வக்கீலையும் இப்போதே பாருங்கள். அந்தப் பிரச்சினைக்கு வேறு வழிகள் தேட வேண்டும், டிக் அடித்துத் தீராது.)

இனி கன்சல்டன்ட். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760. இரண்டு வருடப் பாடக் கட்டணத்தைவிட அதிகமாக ஒருவர் கேட்கிறார், நீங்கள் முன்பணமும் கொடுத்திருக்கிறீர்கள்! அவர் செய்யப்போவதை எல்லாம் கல்லூரியே காசு வாங்காமல் செய்கிறது: கவுன்சிலர், டியூட்டர், டிரான்ஸ்ஃபர் சென்டர், ரெஸ்யூமே திருத்தி மாதிரி இன்டர்வியூ வைக்கும் கேரியர் சென்டர். எந்தக் கல்லூரியில் எடுத்த எந்தப் பாடம் எந்த யூசி-யில், எந்த ஸ்டேட் யுனிவர்சிட்டியில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கன்சல்டன்ட்டும் அதைத்தான் திறந்து பார்ப்பார். அதைவிட முக்கியம், 4,000 டாலரை நீங்கள் கொடுத்தால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? மறுபடியும் உங்கள் பேச்சைத்தான்.

எது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் ஏ.எஸ்.ஏ.பி. என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஓர் ஆலோசகருக்குக் குறைந்த மாணவர்கள், மாணவர் அவரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும், முழுநேரப் படிப்பு, நிதியுதவி போக மிச்சம் விழும் கட்டணத்துக்கு உதவி, போக்குவரத்து கார்டு. குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டில் பட்டம் வாங்கியவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். இதில் பணமும் இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதை அப்படியே தராது. ஆனால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதை உங்கள் மகளே ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

அதனால், அவளே அந்த டெஸ்ட்டை மறுபடி எழுதட்டும். வீட்டில் வேண்டாம், கேரியர் சென்டரில் உட்கார்ந்து எழுதட்டும். முடிவை வேத வாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பேச்சைத் தொடங்கி வைக்கிற ஒரு தாள், அவ்வளவுதான். டிராப்-இன் வரிசையில் நிற்காமல் முழு நேர அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ஒரே கவுன்சிலரைப் பிடித்துக்கொள்ளட்டும். "முதல் டெஸ்ட் அப்பா எழுதியது" என்று அவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். கேட்டுச் சிரிக்க மாட்டார், அவர் பார்க்காத குடும்பமா? கேரியர் தேடலுக்கென்றே யூனிட்டோடு கூடிய வகுப்புகள் பல கல்லூரிகளில் உண்டு. அடுத்த செமஸ்டரில் ஒன்று எடுக்கலாம். புரோகிராமிங்கை மூன்றாவது முறை எடுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். டபிள்யூ ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணைத் தொடாது என்றாலும் சேரச் சேர நிதியுதவியையும் கல்லூரியில் அவள் நிலையையும் பாதிக்கும், டிரான்ஸ்கிரிப்டிலும் தெரியும்.

மேஜரை மாற்றினால் வருடம் போய்விடுமே என்பீர்கள். போகலாம். கால்குலஸும் ஆங்கிலமும் வேறு பல மேஜர்களுக்கும் உதவும், எல்லாம் வீணாகாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றுக்கு 'டேக்' என்ற இட உத்தரவாதத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு செப்டம்பர் ஒரு மாதம்தான் ஜன்னல் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ் போல கூட்டம் மொய்க்கும் பாடங்களுக்குச் சில வளாகங்களில் அந்த உத்தரவாதமே கிடையாது என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லி வையுங்கள். ஒருவேளை நர்சிங், ரேடியாலஜி என்று அவள் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கம்யூனிட்டி காலேஜிலேயே இரண்டு வருட நர்சிங் பட்டம் வாங்கி, ஆர்.என். என்ற பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கான தேர்வு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சீட்டுக்குப் போட்டியும் குறைவில்லை.

அப்பாயின்ட்மென்ட் அன்று உங்கள் கணவர் அவளைக் காரில் கொண்டுபோய் விடட்டும், அது தகப்பன் வேலை. பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருக்கட்டும். உள்ளே நுழையக் கூடாது. திரும்பி வரும் வழியில் அவளாகப் பேசினால் கேட்கலாம். வீட்டுக்கு வந்தபின் உங்கள் இருவருக்கும் அவள் முழுக் கணக்குச் சொல்ல வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கன்சல்டன்ட்டிடம் 500 டாலரை இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். போன் போடுவது உங்கள் கணவராக இருக்கட்டும்.