சின்னக் கடை வைத்திருப்பவர்கள் கன்டென்ட் மார்க்கெட்டிங்கை எங்கிருந்து தொடங்கலாம்?

கேட்டவர் சின்னதாக ஒரு கடை நடத்துகிறார். விளம்பரத்துக்குச் செலவு செய்ய வழியில்லை. எல்லோரும் கன்டென்ட் மார்க்கெட்டிங் செய்யச் சொல்கிறார்கள், அது என்ன, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். தொடக்கம் அதுதான். கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்கும் கேள்விகளை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, அதில் எழுதி வாருங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். அடுத்த ஒரு வருடத்துக்கு என்ன பதிவு போடுவது, என்ன வீடியோ எடுப்பது என்பதெல்லாம் அந்த நோட்டிலேயே இருக்கும்.

ஈரோட்டில் எங்களுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது ஆறு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். பொறுப்புக்கு வந்த முதல் வருடம், சோஷியல் மீடியாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கொடுத்தேன். பொங்கல் வாழ்த்து, அன்னையர் தின வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, எல்லாவற்றின் மூலையிலும் எங்கள் கடை லோகோ. சொந்தக்காரர்கள் லைக் போட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வந்தேன் என்று சொன்ன ஒரு புது முகம்கூட அந்த வருடம் முழுவதும் கடைப்படி ஏறவில்லை. வாழ்த்து யாருக்கும் எதையும் தெரியவைப்பதில்லையே, பிறகு எதற்காக வருவார்கள்?

கன்டென்ட் மார்க்கெட்டிங் என்றால், ஒருவர் நம்மிடம் காசு கொடுப்பதற்கு முன்பே அவருக்குப் பயன்படும் விஷயத்தைச் சொல்லிக்கொடுப்பது. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உழவுக் கருவி செய்யும் ஜான் டீர் 1895-ல் விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியது. பிரான்சில் டயர் விற்ற மிச்லின் சகோதரர்கள் 1900-ல், எங்கே தங்கலாம், எங்கே வண்டியைப் பழுது பார்க்கலாம், டயரை எப்படி மாற்றலாம் என்று ஒரு கையேடு போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். வண்டி அதிகம் ஓடினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் வியாபாரம் நடக்கும். இவ்வளவுதான் கணக்கு.

சரி, எங்கள் நோட்டுக்கு வருகிறேன். அதில் முதல் பக்கத்தில் இருக்கும் கேள்வி ஓர் அக்கா கேட்டது: "ஏனுங்க தம்பி, பலகாரம் சுட்டா உங்க கடலெண்ணெய் இப்படி நுரைச்சுக்கிட்டு வருதே, ஏதாச்சும் கலக்கறீங்களா?"

அதுவரை யார் இதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க்கா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அந்த அக்கா முகத்தில் சந்தேகம் போகவே இல்லை. மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் அடுப்பை வைத்து, ஒரு வடச்சட்டியில் எங்கள் எண்ணெயும் இன்னொன்றில் ரீஃபைண்டு எண்ணெயும் ஊற்றி, இரண்டிலும் முறுக்கு பிழிந்து வீடியோ எடுத்தேன். எங்களுடையது நுரைத்தது, அதை மறைக்கவில்லை. காரணத்தைச் சொன்னேன்: கடலையில் இயல்பாகவே பிசின் மாதிரியான பொருட்கள் உண்டு; ரீஃபைனிங்கில் அவற்றை எடுத்துவிடுவார்கள்; செக்கெண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டுவதோடு சரி, அதனால் அவற்றில் கொஞ்சம் தங்கிவிடும்; மாவின் ஈரம் பட்டதும் நுரை கிளம்பும். அகலமான சட்டியில் பாதிக்குக் கீழே எண்ணெய் ஊற்றுங்கள், நிதானமாகச் சூடேற்றுங்கள், ஒரே ஈடில் நிறையப் போடாதீர்கள் என்றேன். சுண்டைக்காய் அளவு புளியைப் போட்டு எடுக்கும் பழைய வீட்டுப் பழக்கத்தையும் செய்து காட்டினேன்.

அந்த வீடியோ மூன்று நிமிடம்கூட இல்லை. பின்னணியில் செக்கு ஓடும் சத்தம், நடுவில் புண்ணாக்கு வாங்க வந்தவரின் குரல், எதையும் வெட்டவில்லை. இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டு நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். அந்த அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். சந்தேகப்பட்டு வந்தவரே நமக்காகப் பேசுகிறார் என்றால், எந்த நோட்டீஸ் அதைச் செய்யும்?

இரண்டாவது, விலை. பெரும்பாலான கடைக்காரர்கள் இதைத் தொடவே மாட்டார்கள், "நேரில் வாருங்கள்", "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்பார்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், விலையைப் பற்றி வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல்குளம் அமைத்துக்கொடுக்கும் தொழில் செய்த மார்கஸ் ஷெரிடன் என்பவர், 2008 பொருளாதாரச் சரிவில் கடையை மூடும் நிலைக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தன் இணையதளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். அதில் முக்கியமான ஒன்று, ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது. போட்டியாளர்கள் யாரும் சொல்லத் துணியாததை அவர் சொன்னதால், கூகுளில் தேடியவர்கள் அவரிடம்தான் வந்து சேர்ந்தார்கள். தொழில் மீண்டது.

இதைப் படித்த பிறகு நானும் கணக்கை எழுதிப் போட்டேன். எங்கள் செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்கே 300 ரூபாய். சுமார் ஒன்றரை கிலோ புண்ணாக்கு மிஞ்சும். அது கிலோ 40-க்குப் போனால் 60 ரூபாய் திரும்பி வரும். ஆக, 240 ரூபாய் சரக்குக்கே போய்விடுகிறது. அதற்கு மேல் ஆள் கூலி, கரண்டு, பாட்டில், வாடகை, எங்கள் லாபம். இதைவிடக் குறைவாக ஒருவர் செக்கெண்ணெய் கொடுத்தால், எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள் என்றும் எழுதினேன். அப்பாவுக்கு இதில் சம்மதமே இல்லை. வரவு செலவை ஊருக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் கடைக்கு வந்து பேரம் பேசுகிறவர்கள் குறைந்ததை அவரே கவனித்தார். பருப்பு விலை ஏறி நாங்கள் விலையைக் கூட்டும்போதெல்லாம் அதே கணக்கைப் புது எண்களோடு போடுகிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

மற்ற கேள்விகளும் இப்படித்தான். மார்கழியில் தேங்காயெண்ணெய் ஏன் உறைகிறது? 24 டிகிரி வாக்கில் உறைவது அதன் இயல்பு. உறைவதை மட்டும் வைத்துச் சுத்தமான எண்ணெய் என்று முடிவுகட்ட முடியாது, ரீஃபைண்டு தேங்காயெண்ணெயும் உறையும். ஒரு லிட்டரை எடை போட்டால் 910 கிராம்தானே காட்டுகிறது? எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. நமக்குச் சாதகமில்லாத பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்ற பாதியை நம்புவார்கள்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். உணவுத் தொழிலில் இருப்பவர்கள், சர்க்கரையைக் குணமாக்கும், மூட்டுவலி போகும் என்றெல்லாம் எழுதவே கூடாது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரப்படுத்துவதை 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிமுறைகள் தடுக்கின்றன. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போடுவதும் எனக்குப் பிடிக்காது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது எனும்போது நம் எண்ணெய்க்கு மட்டும் அதென்ன பெருமை?

எங்கே போடுவது என்பதைப் பற்றி ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள், காசு கிடையாது. நேரம், விடுமுறை நாள், போன் நம்பர் சரியாக இருக்கட்டும். கடையின் முகப்பைத் தெருவிலிருந்து எடுத்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும், தேடி வருகிறவர் அதைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். ரிவ்யூ போட்டவர்களுக்கு, திட்டியவர்களுக்கும் சேர்த்து, பதில் எழுதுங்கள். அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ், கடைக்காரர்களுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப். அதில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்குங்க, புது எண்ணெய் இறங்கினா சொல்றோம்" என்று கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். வீடியோவுக்கு யூடியூபோ இன்ஸ்டாகிராமோ ஏதாவது ஒன்று போதும்.

கேமரா, மைக் எதுவும் வாங்க வேண்டாம். காலை வெளிச்சத்தில் உங்கள் போனே போதும். பேசும்போது எதிரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுங்கள். தலைப்பும் அவர் கேட்ட வார்த்தையிலேயே இருக்கட்டும், ஏனென்றால் கூகுளிலும் மக்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். "மரச்செக்கு எண்ணெயின் சிறப்புகள்" என்று தேடுகிறவரைவிட "கடலை எண்ணெய் ஏன் பொங்குது" என்று தேடுகிறவருக்குத்தான் உடனே உதவி தேவைப்படுகிறது.

பலன் மெதுவாகத்தான் வரும். எங்களுக்கு முதல் நான்கைந்து மாதம் ஒன்றுமே தெரியவில்லை. நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல், புதிதாக வருகிறவர்களிடம் "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு, அதே நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வருவது. முன்னாலிருந்து கேள்விகள், பின்னாலிருந்து இந்தக் கணக்கு. இப்போது ஓடுவது ஐந்தாவது நோட்டு.

உங்களுடையது என்ன கடை என்று கேள்வியில் இல்லை. தையல் கடை என்றால் "அளவு பிளவுஸ் கொடுத்தும் ஏன் கை பிடிக்குது?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அதில் ஆரம்பிக்கலாம். வேறு தொழில் என்றால், இந்த வாரம் உங்களிடம் கேட்ட மூன்று கேள்விகளைக் கீழே எழுதுங்கள், எதை முதலில் எடுக்கலாம் என்று சொல்கிறேன். எங்கள் நோட்டில் நேற்று ஏறியது: "அஞ்சு லிட்டர் வாங்கினா பிளாஸ்டிக் கேன்லயே வெச்சுக்கலாமா, எவர்சில்வர் தூக்குல மாத்தணுமா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.