ரக்பி கிளப் முன்பணம் கேட்கிறது: கொடுப்பதற்கு முன் கணக்கில் எங்கே பார்ப்பது?

வாசகர் கேள்வி: இங்கிலாந்து பிரீமியர்ஷிப்பில் ஆடும் ஒரு ரக்பி கிளப்பின் சீசன் டிக்கெட்டைப் பல வருடமாக வாங்கி வருகிறேன். இந்த முறை மூன்று சீசனுக்கும் சேர்த்து இப்போதே கட்டினால் நல்ல தள்ளுபடி என்கிறார்கள். ரசிகர்களுக்காக 8 சதவீத வட்டியில் கடன்பத்திரமும் வரப்போகிறதாம். அணி நன்றாக ஆடுகிறது, மைதானமும் நிறைகிறது. பணத்தைப் போடலாமா? கிளப் நிலைத்து நிற்குமா என்று வெளியே இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வரலாம். ஒரு சீசனுக்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள், அதையும் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். மூன்று சீசன் முன்பணம் வேண்டாம். கடன்பத்திரத்தில், திரும்பி வராமல் போனாலும் வருத்தப்பட மாட்டேன் என்று நீங்கள் மனதார நினைக்கும் தொகைக்கு மேல் ஒரு பவுண்டு கூடப் போடாதீர்கள்.

அணி நன்றாக ஆடுவதும் மைதானம் நிறைவதும் சந்தோஷமான விஷயங்கள்தான், ஆனால் கிளப் பிழைக்குமா என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை. ஜெர்சி ரெட்ஸ் 2022-23 சீசனில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் கோப்பையை வென்றது, 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. வாஸ்ப்ஸ் ஆறு முறை இங்கிலாந்து சாம்பியன், இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற அணி, 1867இல் தொடங்கியது. 2022 அக்டோபரில், கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தைக் கையில் எடுக்கும் திவால் நிர்வாகிகளிடம் போய், ஒரே நாளில் 167 பேர் வேலை இழந்தார்கள்.

ரக்பியில் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம், சொந்த மைதானத்தில் எத்தனை ஆட்டம் என்று எண்ணிப் பார்ப்பதுதான். பிரீமியர்ஷிப்பில் 13 அணிகள் இருந்தபோது ஒரு கிளப்புக்குச் சொந்த மைதானத்தில் 12 லீக் ஆட்டங்கள். வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் மூன்றும் போனபின் 10 அணி லீக்கில் அது 9 ஆகிவிட்டது. ஐரோப்பியப் போட்டி, உள்நாட்டுக் கோப்பை என்று இன்னும் சில ஆட்டங்கள் சேரும், அவ்வளவுதான். டிக்கெட், பீர், சாப்பாடு, விருந்தினர் அறைகள் என்று கிளப் கல்லா கட்டும் நாட்கள் அவைதான். ஆனால் உடம்பை உடைக்கும் இந்த ஆட்டத்துக்கு நாற்பதுக்கு மேல் வீரர்கள், மருத்துவர்கள், பயிற்சியாளர்கள் வேண்டும், அவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுக்க வேண்டும். நவம்பரிலும், சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஐரோப்பிய நாடுகளின் போட்டி நடக்கும் வாரங்களிலும், கூட்டத்தை இழுக்கும் பெரிய வீரர்கள் தேசிய அணிக்குப் போய்விடுவார்கள். அதற்கு ஈடாக இங்கிலாந்தில் ஆட்டத்தை நிர்வகிக்கும் ரக்பி யூனியன் பணம் தருகிறது: 2024இல் கையெழுத்தான எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் நான்கு ஆண்டுகளுக்கு வருடம் 3.3 கோடி பவுண்டு, பத்து கிளப்புக்கும் சேர்த்து. அது உதவிதான், ஆனால் பள்ளம் அதைவிடப் பெரிது. மிச்சத்தைப் பெரும்பாலான கிளப்புகளில் பணக்கார உரிமையாளர் தன் பையிலிருந்து போடுகிறார். 1995இல் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானதிலிருந்து இதுதான் கதை. 1999லேயே ரிச்மண்ட், லண்டன் ஸ்காட்டிஷ் என்ற இரண்டு பழம்பெரும் கிளப்புகள் இதே பள்ளத்தில் விழுந்தன.

ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, கோவிட் காலத்தில் அதை 50 லட்சம் பவுண்டாகக் குறைத்தார்கள், 2024-25இலிருந்து மறுபடி 64 லட்சம் ஆக்கினார்கள். என் கருத்து, உச்சவரம்பு கிளப்புகளைக் காப்பாற்றவில்லை. ஒரு கிளப் அந்த வரம்பு வரை செலவழித்தால் மற்றவையும் செலவழித்தே ஆக வேண்டும், கட்டுப்படி ஆகிறதா என்பதைப் பற்றி வரம்பு எதுவும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் முன்பணத்துக்கு வருகிறேன். விழுந்த கிளப்புகள் விழுந்த மாதங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். லண்டன் ஐரிஷ் லீக்கிலிருந்து நிறுத்தப்பட்டது ஜூனில். வூஸ்டர் மேல் வரித்துறை வழக்குப் போட்டது ஆகஸ்டில், அது நிர்வாகிகள் கைக்குப் போனது செப்டம்பரில். ஜெர்சி செப்டம்பர், வாஸ்ப்ஸ் அக்டோபர். ஆஸ்திரேலியாவில் சீசன் பிப்ரவரியில் தொடங்கும், மெல்போர்ன் ரெபெல்ஸ் திவாலானது 2024 ஜனவரியில். பெரும்பாலும் சீசன் முடிந்து அடுத்தது சூடு பிடிப்பதற்கு முன்னால்தான் விழுகிறார்கள், அது தற்செயல் இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கதவைத் திறந்து டிக்கெட் விற்க ஒரு ஆட்டமும் இல்லை, ஆனால் மாதச் சம்பளமும் அதோடு சேர்ந்த வரியும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த வறண்ட மாதங்களைத் தாண்டத்தான் வசந்த காலத்திலேயே சீசன் டிக்கெட்டை விற்கிறார்கள். ஒரு சீசனுக்கு முன்கூட்டி விற்பது எல்லாக் கிளப்பும் செய்வது, அதில் தவறில்லை. மூன்று சீசன் பணத்தை இப்போதே கேட்டால் மட்டும் நான் நிமிர்ந்து உட்காருவேன், ஏனென்றால் 2வது, 3வது வருடத்தின் வருமானத்தை இந்தக் கோடையில் சாப்பிடப் போகிறார்கள் என்று அர்த்தம் இருக்கலாம். அந்த வருடங்கள் வரும்போது ஆட்டம் நடத்தும் செலவு இருக்கும், டிக்கெட் பணம் இருக்காது.

அது உங்கள் கிளப்பில் நடக்கிறதா என்று பார்க்க, பிரிட்டிஷ் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் கிளப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், காசு எதுவும் கட்ட வேண்டாம். இங்கே முதல் சிக்கல்: ஒரு கிளப்புக்குப் பின்னால் ஒரே நிறுவனம் இருப்பது அரிது. வீரர்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனம் ஒன்று, வியாபாரம் நடத்துவது இன்னொன்று, மைதானத்தை வைத்திருப்பது மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாய் நிறுவனம். இது ஏன் முக்கியம் என்றால், வூஸ்டரில் வியாபார நிறுவனம் நிர்வாகிகள் கையில் இருக்கும்போதே, வீரர்களின் ஒப்பந்தங்களை வைத்திருந்த தனி நிறுவனத்தை 2022 அக்டோபர் 5 அன்று நீதிமன்றம் கலைத்தது. அந்த நாளோடு வீரர்களின் ஒப்பந்தங்கள் முடிந்துபோயின, வாங்க யாராவது வருவார்களா என்று காத்திருந்த கிளப்பில் அணியே இல்லை. அதனால் உங்கள் டிக்கெட் ரசீதிலும் கடன்பத்திர விளம்பரத்திலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மைதானம் அந்த நிறுவனத்திடம் இல்லையென்றால், உங்களுக்குப் பின்னால் நிற்கும் சொத்து கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டறிக்கையைத் திறந்ததும் லாப நஷ்டத்தில் கண்ணை வைக்காதீர்கள். நஷ்டம் இருக்கும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கிறது. கணக்குக் குறிப்புகளின் தொடக்கத்தில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒரு பத்தி வரும், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்று இயக்குநர்கள் சொல்லும் இடம் அது. அதை இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். உரிமையாளர் தொடர்ந்து ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதை நம்பிக் கணக்குத் தயாரித்திருக்கிறோம் என்ற வகையில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் இருக்கும். எதுவரை ஆதரவு? வழக்கமாகக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 12 மாதம். ஆக மூன்று வருட டிக்கெட்டுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், அந்தக் கிளப்பை நடத்துபவரோ ஒரு வருடத்துக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கு சட்டப்படி கட்டுப்படுத்துமா, அல்லது எண்ணம் மட்டுமா என்பதையும் அந்தப் பத்தியின் வார்த்தைகள் காட்டிக்கொடுக்கும். தணிக்கையாளர் தன் அறிக்கையில் தனித் தலைப்புப் போட்டு, நிறுவனம் தொடர்ந்து இயங்குவது குறித்துக் கணிசமான ஐயம் இருக்கிறது என்று எழுதியிருந்தால், அது சம்பிரதாயத்துக்கு எழுதும் வரி இல்லை.

அடுத்து, ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய கடன்கள் என்ற அட்டவணை. அதில் இரண்டு தலைப்புகள் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்று, வரி மற்றும் சமூகப் பாதுகாப்புப் பாக்கி. சம்பளச் செலவு போன வருடம் போலவே இருக்க, இந்தப் பாக்கி மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தால், கிளப் கட்ட வேண்டிய வரிப்பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வூஸ்டர் மேல் வழக்கு வந்தபோது வரிப் பாக்கி மட்டும் 60 லட்சம் பவுண்டுக்கு மேல். இரண்டாவது, முன்கூட்டி வாங்கிய வருமானம். விற்ற சீசன் டிக்கெட் பணம், ஆட்டங்கள் நடக்கும் வரை இங்கேதான் கடனாக நிற்கும். அந்தத் தொகையையும் கையிருப்பு ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பணம் பெரிதாகவும் ரொக்கம் சொற்பமாகவும் இருந்தால், உங்களைப் போன்றவர்கள் கொடுத்தது ஏற்கெனவே செலவாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கிளப்புகளின் கணக்கு ஆண்டு ஜூன் கடைசியில் முடியும், தனியார் நிறுவனம் தாக்கல் செய்ய ஒன்பது மாத அவகாசம் உண்டு. எனவே மார்ச்சில் உங்கள் கையில் கிடைப்பது போன ஜூன் மாத நிலைமை. கணக்கு தாமதமாக வந்தாலோ, ஆண்டு முடியும் தேதியைத் திடீரென்று மாற்றினாலோ, காரணம் தெரியும் வரை பணம் கட்டாதீர்கள்.

கடன்பத்திரத்துக்கு வாஸ்ப்ஸ் கதையை முழுதாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்ற ரசிகர்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். 2014இல் கிளப் கோவென்ட்ரிக்குப் போய் அங்கே ஒரு பெரிய அரங்கை வாங்கியது. 2015இல் பழைய கடன்களை மாற்றி அமைக்க 6.5 சதவீத வட்டியில் 3.5 கோடி பவுண்டுக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது, 2022 மே மாதம் அசலைத் திருப்பித் தர வேண்டும். சும்மா வாக்குறுதியின் பேரில் வாங்கிய கடன் இல்லை அது, அரங்கின் மேல் அடமானம் இருந்தது. கேட்பதற்கு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது பாருங்கள். 2022 மே வந்தது, திருப்பித் தரப் பணம் இல்லை, புதுக் கடன் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. கடைசியில் அரங்கு சுமார் 1.7 கோடி பவுண்டுக்கு விலை போனது. செலவுகளைக் கழிக்கும் முன்பே, அது கடன்பத்திரத் தொகையில் பாதியைத் தொடவில்லை. ஒரு ரக்பி அரங்கின் மதிப்பு அதில் ஆட ஒரு அணி இருக்கும் வரைதான், கிளப் விழும் நாளில் அடமானத்தின் மதிப்பும் கூடவே விழுகிறது. ரசிகர்கள் இதை உணராமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்களுக்கு வரும் பத்திரத்தில் அடமானமாவது இருக்கிறதா? கம்பெனீஸ் ஹவுஸ் பக்கத்திலேயே அடமானங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே வங்கியோ, உரிமையாளரின் இன்னொரு நிறுவனமோ ஏற்கெனவே முதலிடம் பிடித்திருந்தால் நீங்கள் அவர்களுக்குப் பின்னால். கோவிட் காலத்தில் பிரீமியர்ஷிப் கிளப்புகள் அரசிடம் 12 கோடி பவுண்டுக்கு மேல் கடன் வாங்கின, அந்தப் பாக்கியையும் கணக்கில் பாருங்கள். 2020 டிசம்பரிலிருந்து சட்டமும் மாறிவிட்டது: சம்பளத்தில் பிடித்த வரி, வாட் போன்றவற்றுக்கு வரித்துறை இப்போது அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் நிற்கிறது. அடமானம் இல்லாத கடன்பத்திரக்காரரும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவரும் இந்த வரிசையின் கடைசியில். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் இழப்பீட்டுப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது.

கிரெடிட் கார்டு என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் காணாமல் போனாலும் கார்டு நிறுவனம் பொறுப்பு. விலையில் ஒரு பகுதியைக் கார்டில் கட்டினாலே போதும். கிளப்பிடம் நேரடியாக வாங்குங்கள், நடுவில் டிக்கெட் முகவர் வந்தால் இந்தப் பாதுகாப்பு நழுவக்கூடும். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்ட உரிமை இல்லை.

வேறு வழியே இல்லையா, எல்லாக் கிளப்பும் விழத்தான் வேண்டுமா? இல்லை. பிரான்ஸில் 14 அணி லீக், சொந்த மைதானத்தில் 13 ஆட்டம். கனால் பிளஸ் 2023இலிருந்து நான்கு சீசனுக்குச் சுமார் 45 கோடி யூரோ தருகிறது. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஒரு தனிக் குழு கிளப் கணக்குகளைத் தோண்டிப் பார்த்து, தேவைப்பட்டால் கீழ் லீக்குக்கே இறக்கும் அதிகாரத்தோடு இருப்பது. அங்கும் பணக்கார உரிமையாளர்களைத்தான் நம்பியிருக்கிறார்கள், ஆனால் கண்காணிக்க ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் நடந்ததோ வேறு: லீக்கின் 27 சதவீதத்தைச் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று 20 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கினார்கள், வந்த பணம் ஒரே ஒரு முறை வந்தது, விட்டுக்கொடுத்த பங்கு வருடா வருடம் போகிறது. அந்தப் பணத்தில் எத்தனை கிளப் சொந்தமாகச் சம்பாதிக்கும் வழியைக் கட்டியது என்று கேட்டால் மனம் கனக்கிறது.

புது உரிமையாளர்கள் வருகிறார்கள் என்பதும் உண்மை. நியூகாசிலை 2025இல் ரெட் புல் வாங்கியது, வூஸ்டரும் இரண்டாம் நிலை லீக்கில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கிளப்பின் பெயர் உயிரோடு வருவது வேறு, நீங்கள் பழைய நிறுவனத்துக்குக் கொடுத்த பணம் வருவது வேறு. புது உரிமையாளர் பழைய டிக்கெட்டை மதிக்கக் கடமைப்பட்டவர் இல்லை.

பணம் கட்டும் முன் கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று சீசன் பணம் தனிக் கணக்கில் வைக்கப்படுமா, அல்லது அன்றாடச் செலவுக்கா? கடன்பத்திரத்தை எந்த நிறுவனம் வெளியிடுகிறது, எந்தச் சொத்தின் மேல், எத்தனையாவது இடத்தில் அடமானம்? அசலைத் திருப்பித் தரும் வருடத்தில் பணம் எங்கிருந்து வரும்? அப்போது இன்னொரு கடன் வாங்கித் தருவோம் என்ற பொருளில் பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமையாளர் கிளப்புக்குக் கொடுத்த கடனைப் பங்காக மாற்றியிருக்கிறாரா என்றும் கேளுங்கள், மாற்றியிருந்தால் அந்தப் பணத்தை எளிதில் திரும்ப எடுக்க முடியாது, நான் பார்க்கும் நல்ல அறிகுறிகளில் அது ஒன்று. இதற்கெல்லாம் தெளிவாக எழுத்தில் பதில் வந்து, தணிக்கையாளர் அறிக்கையும் சுத்தமாக இருந்தால், இரண்டாவது சீசன் டிக்கெட்டை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம், தள்ளுபடி போனால் போகட்டும். இப்போதே கிளப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் துடித்தால், ஆட்டத்துக்கு வரும்போது இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்து அவர்களுக்கு அன்றைய டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். கிளப்புக்கும் பணம் அன்றே கிடைக்கும், நீங்களும் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.