அப்பா பெயரில் போன், மகன் போட்ட கையெழுத்து

கேள்வி: அம்மா இருக்கும் வீட்டில் முப்பது வருடமாக ஒரே லேண்ட்லைன் எண். உறவினர்கள், வங்கி, மருத்துவர் என்று எல்லோரிடமும் இருப்பது அதுதான். கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், இணையம் வழியாகப் பேசும் மலிவான தொலைபேசிச் சேவைக்கு மாற முடிவு செய்தேன். "அதே எண் இருக்கும், பில் பாதியாகும்" என்றார் விற்பனைப் பிரதிநிதி. இணைப்பு இறந்துபோன என் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் போய் நான்கு வருடம். எண்ணை அப்படியே புதிய நிறுவனத்துக்கு மாற்ற (போர்ட்டிங்) என் பெயரில் போட்ட விண்ணப்பம் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பியது. அப்பா பெயரையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் பிரதிநிதி. போட்டேன். அதற்கும் பத்து நாளாகப் பதில் இல்லை. பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள், எடுத்தவர் மரியாதையில்லாமல் பேசினார். கோபத்தில், அப்பாவாகவே பேசி, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். இப்போது புதிய நிறுவனம் "செயலில் இல்லாத எண்ணை மாற்ற முடியாது" என்று வேறு எண்ணைக் கொடுத்துவிட்டு இரண்டு வருட ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. பழைய நிறுவனம் இரண்டு மாத பில் அனுப்பியிருக்கிறது. யாருக்கும் பணம் கட்டவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. இரண்டு பேர் மீதும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட விரும்புகிறேன். அம்மா தனியாக இருக்கிறார், அழுத்தினால் உதவிக்கு ஆளைக் கூப்பிடும் அவருடைய அவசரப் பொத்தான் கருவியும் அந்த லைனில்தான் இருந்தது.

பதில்: முக்கால் மணி நேரக் காத்திருப்பையும் அந்த ஊழியர் பேசிய விதத்தையும் ஓரமாக வையுங்கள். அதற்கெல்லாம் எந்த நீதிமன்றமும் பணம் தராது. பில் பாதியாகும் என்ற வாக்குறுதியும் அப்படித்தான். நீங்கள் டிக் செய்த ஒப்பந்தத்தில் "இதில் எழுதியிருப்பது மட்டுமே முழு உடன்பாடு" என்று ஒரு பிரிவு அநேகமாக இருக்கும். வாயால் சொன்னதை அதற்கு எதிராக நிறுத்த வேண்டுமானால் பதிவோ குறுஞ்செய்தியோ கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: இணைப்பு அப்பா பெயரில் இருந்தது, அவர் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நடந்த கதை. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான இடங்களில் இந்த விஷயம் ஒரே பாதையில்தான் போகும் என்பதால் பொதுவாகவே சொல்கிறேன்.

முதலில், பழைய நிறுவனத்தின் மீது வழக்குப் போட நீங்கள் யார்? ஒப்பந்தம் உங்களோடு இல்லை. நான்கு வருடமாகப் பணம் கட்டியது நான்தானே, நடத்தையால் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்று வாதாடலாம். மோசமான வாதம் அல்ல, நானே வைப்பேன். ஆனால் அந்த வாதம் ஜெயித்தால், நீங்கள் கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மாத பில்லும் சட்டப்படி உங்கள் கடனாகிவிடும். தோற்றால், அப்பாவின் கணக்கைப் பற்றிப் பேச உங்களுக்கு இடமே இல்லை.

எண்ணும் சொத்து அல்ல. அரசு எண்களைத் தொகுதி தொகுதியாக நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது, நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். முப்பது வருடம் வைத்திருந்தாலும் வீட்டைப் போல அதை உரிமை கொண்டாட முடியாது. போர்ட்டிங் என்பதே உயிரோடு இருக்கும் எண்ணை இடம் மாற்றுவதுதான். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பழைய லைனை நாமாக வெட்டக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதனால் அதைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. (அமெரிக்காவில் 2007-இல் தகவல்தொடர்பு ஆணையம் போர்ட்டிங் கடமையை இணையத் தொலைபேசி நிறுவனங்களுக்கும் விரித்தது. இந்தியாவில் 2011-இல் நாடு முழுக்க வந்த எண் மாற்ற வசதி கைப்பேசிகளுக்குத்தான். உங்களுக்கு விண்ணப்பப் படிவம் கிடைத்திருப்பதைப் பார்த்தால் வசதி உள்ள இடத்தில்தான் இருக்கிறீர்கள்.)

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வழக்குப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனுவின் இரண்டாவது பத்தியில் அப்பா இறந்த தேதியை நீங்களே எழுதியாக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஏன் வந்தீர்கள் என்றே புரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் உழைக்க வேண்டியதில்லை. போர்ட்டிங் படிவத்தை எடுத்து, அதிலுள்ள தேதியை உங்கள் மனுவிலுள்ள தேதிக்குப் பக்கத்தில் வைப்பார். இறந்தவர் நான்கு வருடம் கழித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்து, துண்டிக்கச் சொன்ன அழைப்பின் ஒலிப்பதிவு. அதில் உங்கள் குரல், உங்கள் அப்பா பெயர். அதன் பிறகு அந்த ஊழியர் எவ்வளவு மரியாதையில்லாமல் பேசினார் என்று அதே ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்டாலும் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை.

இதற்காகச் சிறைக்குப் போவீர்கள் என்று பயமுறுத்தவில்லை. பொய்க் கையெழுத்து குற்றமாக வேண்டுமானால் பொதுவாக ஏமாற்றும் நோக்கம் வேண்டும். அம்மா வீட்டுப் போனை மாற்ற நினைத்ததில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை, யாருக்கும் பணம் போகவும் இல்லை. காவல்துறை இதில் நேரம் செலவழிப்பது அபூர்வம். ஆனால் நஷ்டஈடு கேட்டுப் போகிறவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கும். கேட்பதோ மன உளைச்சலுக்கு. அதில் நீதிபதியின் மனதில் உங்களைப் பற்றி என்ன படிகிறது என்பதே பாதி வழக்கு.

"பிரதிநிதி சொல்லித்தான் போட்டேன்" என்று சொல்லத் தோன்றும். வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர் சொன்னார் என்பதற்கு எழுத்தில் ஏதும் இல்லையென்றால் அது உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. நீங்கள் போட்டது மட்டும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மையாகிவிடும். அவர் அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் பத்திரமாக வையுங்கள். புதிய நிறுவனத்தோடு பேரம் பேசும்போது அதற்கு நல்ல விலை உண்டு. தன் ஆட்கள் இப்படிச் சொல்லிக்கொடுப்பது வெளியே வருவதை எந்த நிறுவனமும் விரும்பாது. நீதிமன்றத்தில் அதே செய்தி உங்களையும் சேர்த்தே வெட்டும்.

இதே மாதிரி என்னிடம் வந்த ஒருவர் கையெழுத்தால் விழவில்லை, மின்னஞ்சலால் விழுந்தார். இறந்துபோன மாமியார் பெயரிலிருந்த கணக்கு அது. நிறுவனம் ஒன்றுமே கேட்காதபோது, கோபத்தில் இவராகவே வரிசையாக ஏழு மின்னஞ்சல் எழுதினார். நாலாவதில், "ஆமாம், நான்தான் அவர் பெயரில் போட்டேன், இப்போது என்ன செய்துவிடுவீர்கள்?" என்று ஒரு வரி. அதுவரை நிறுவனத்துக்கு அந்த விஷயமே தெரியாது. சமரசத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள் அன்றோடு வக்கீலிடம் கொடுத்துவிட்டார்கள். நீங்களும் ஏதாவது எழுதியிருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். எழுதாவிட்டால் ரொம்ப நல்லது.

இன்னொரு பக்கம் நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. துண்டிக்கப்பட்ட எண்ணை நிறுவனம் கொஞ்ச காலம் சும்மா வைத்திருந்து பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் வீட்டு எண்களுக்கு அந்தக் காலம் குறைந்தது 45 நாள், அதிகபட்சம் 90 நாள். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. வழக்கு முதல் வாய்தாவைப் பார்ப்பதற்குள் அந்த எண்ணில் முன்பின் தெரியாத ஒருவர் "ஹலோ" சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம் உங்களுக்குத் தீர்ப்பு சாதகமாக வந்தாலும் எண் வராது. அம்மாவின் வங்கிக் கணக்கில் அந்த எண் பதிவாகியிருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். நேரடியாகச் சொல்வதற்கு மன்னியுங்கள், உங்களிடம் வழக்கு இல்லை. இருப்பது ஒரு சின்ன பேரம், அதற்கும் நாள் குறைந்துகொண்டே வருகிறது.

பழைய நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழோடு ஒரு கடிதம் கொடுங்கள். வாடிக்கையாளர் இறந்துவிட்டார், கணக்கை அம்மா பெயருக்கு மாற்றி, அதே எண்ணில் இணைப்பைத் திரும்பக் கொடுங்கள், பாக்கியைக் கட்டிவிடுகிறோம் என்று நாலு வரி போதும். படிவத்தைப் பற்றியோ அந்த அழைப்பைப் பற்றியோ அதில் பேச்சு வேண்டாம். உங்கள் பெயருக்குக் கேட்காமல் அம்மா பெயருக்கே கேளுங்கள். அங்கே வசிப்பவர் அவர், வாரிசும் அவர், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் தகராறு செய்ய மாட்டார்கள். அந்த இரண்டு மாத பில்லைக் கட்டுங்கள். கட்டக் கூடாது என்பதற்குக் கொள்கை ரீதியாக நீங்கள் வைத்திருக்கும் காரணங்கள் வசூல் ஏஜென்சிக்குப் புரியாது. எண் மீண்டும் உயிர் பெற்ற பின், பில்லில் இருக்கும் அதே பெயர், அதே முகவரியை எழுத்துப் பிசகாமல் போட்டு, அம்மாவே கையெழுத்திட்ட புதிய படிவத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள்.

புதிய நிறுவனத்தோடு சண்டை வேண்டாம். அந்த ஒப்பந்தம் உங்கள் பெயரில், உங்கள் டிக்கோடு இருக்கிறது. நேரில் பார்க்காமல் போனிலோ இணையத்திலோ போட்ட ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் உண்டு. அதுபோன்ற விதி உங்களுக்கு இருந்தாலும் அந்த நாள் தாண்டியிருக்கும். தொடர்ந்து வாடிக்கையாளராக இருக்கிறேன், எண் வரும்வரை கட்டணத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் அம்மாவின் அவசரப் பொத்தானைச் சொல்லியிருக்கிறீர்கள். நஷ்டஈட்டைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்கு கூட அதற்கு இல்லை. பழைய செம்புக் கம்பி லைனுக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் வேலை செய்யும். இணையத் தொலைபேசி ரவுட்டரை நம்பி இருக்கிறது. கரண்ட் போனால் போனும் போகும், பேட்டரி வைத்திருந்தால் ஒழிய. பிரிட்டனில் இப்படிப்பட்ட கருவிகளை நம்பியிருப்பவர்கள் சுமார் 18 லட்சம் பேர். லைன் மாறியதும் கருவி வேலை செய்யாமல் போன சில தீவிரமான சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் அப்படிப்பட்டவர்களை இணையத் தொலைபேசிக்குக் கட்டாயமாக மாற்றுவதை நிறுத்தி வைத்தன. கருவி செய்தவரிடம் "இந்த இணைப்பில் வேலை செய்யும்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் முகவரி. இணையத் தொலைபேசியில் அவசர உதவியை அழைத்தால், நீங்கள் பதிவு செய்துவைத்த முகவரிதான் அந்தப் பக்கம் தெரியும். கணக்கு உங்கள் பெயரில் என்றால், பதிவாகியிருப்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டின் முகவரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மா அழைப்பார், ஆம்புலன்ஸ் உங்கள் வாசலில் வந்து நிற்கும். அமெரிக்காவில் 2005-இலேயே இந்தச் சேவைகள் அவசர அழைப்பை இணைத்தாக வேண்டும், வரம்புகளை வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து நிறுவனங்கள் "எனக்குத் தெரியும், முகவரி சரியாக வைத்திருப்பது என் பொறுப்பு" என்று ஒரு பெட்டியில் டிக் வாங்கிக்கொள்கின்றன. நீங்களும் டிக் செய்திருப்பீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால், அந்த ஒரு டிக்தான் அவர்களுடைய கேடயம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கணக்கில் உள்ளே போய் அம்மாவின் முகவரியைப் போடுங்கள்.

சமரசம் நடந்தால் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. எண் ஒலிப்பதைக் காதால் கேட்ட பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். "இதுவரை எழுந்த, இனி எழக்கூடிய அனைத்துக் கோரிக்கைகளும்" என்று இருந்தால் "இனி எழக்கூடிய" என்பதை அடித்துவிடுங்கள். அவசர அழைப்பு ஒருநாள் போய்ச் சேராவிட்டால் கேட்க உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே உரிமை அந்த இரண்டு வார்த்தையில் போய்விடும். அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் வைத்த பிறகு கீழே கையெழுத்துப் போடுங்கள், இந்த முறை உங்கள் சொந்தக் கையெழுத்தை.