மூடிக்கிடக்கும் டிரை கிளீனிங் கடை: ரசாயனத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: எங்கள் அப்பா தன் கட்டடத்தை டிரை கிளீனிங் கடை ஒன்றுக்குப் பல வருடங்கள் வாடகைக்கு விட்டிருந்தார். தொழில் நொடித்துப்போய், வாடகைதாரர் இயந்திரத்தையும் சில டிரம்களையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா காலமானபின் கட்டடம் எனக்கும் தம்பிக்கும் வந்திருக்கிறது. ஒருவர் 'உள்ளது உள்ளபடி' வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். டிரம்களைப் பழைய இரும்பு வியாபாரியிடம் தள்ளிவிட்டு விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. பின்பக்கத்து வீட்டில் கிணறு இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் தம்பியை நிறுத்துங்கள். இன்றைய நிலையில் அந்தக் கழிவு வாடகைதாரர் உண்டாக்கியது. அதை வண்டியில் ஏற்றி அனுப்பிய நிமிடத்திலிருந்து, அனுப்பியவர் நீங்கள். வியாபாரி உள்ளே இருப்பதை எங்காவது கொட்டிவிட்டு டிரம்மை மட்டும் விற்றால், கொட்டிய இடத்துக்கும் உங்களைத் தேடி வருவார்கள். உரிமம் பெற்ற அபாயகரக் கழிவு நிறுவனத்திடம்தான், ரசீதுடனும் போக்குவரத்து ஆவணத்துடனும் ஒப்படைக்க வேண்டும்.

டிரம்களை அகற்றிவிட்டால் இடம் சுத்தமாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் துணி சுத்தம் செய்ய அதிகம் பயன்பட்ட ரசாயனத் திரவம் 'பெர்க்' என்கிற பெர்குளோரோஎத்திலீன். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. சிந்தினால் சிமென்ட் தரை வழியாகவே இறங்கும். நிலத்தடி நீரை அடைந்தால் மிதக்காது, அதற்கும் கீழே போய்த் தங்கும். இயந்திரத்தில் பிரிந்து வரும் கழிவுநீரைத் தரைச் சாக்கடையில் ஊற்றுவது பல கடைகளில் வழக்கமாக இருந்தது. குழாயின் ஒவ்வொரு விரிசலும் ஒரு கசிவு. மண்ணுக்குள் போனது ஆவியாகி, மேலே உள்ள கட்டடத்துக்குள்ளும் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் குடிநீருக்கான உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான்.

சரி, பொறுப்பு யாருக்கு? எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல நாடுகளில் அடிப்படை ஒன்றுதான்: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் இதையே சொன்னது. அங்கேயும் ஆலைகள் மூடப்பட்டுவிட்டன, கழிவு மட்டும் கிடந்தது. ஆலை மூடியதால் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை.

ஆனால் மாசுபடுத்தியவர் கைக்கு எட்டாதபோது கேள்வி நில உரிமையாளரிடம் வரும். அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம், தவறு செய்தாரா என்று பார்க்காமலே தற்போதைய உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. வாரிசாக வந்தவருக்கு அதில் ஒரு தற்காப்பு உண்டு. ஆனால் விஷயம் தெரிந்தபிறகு உரிய கவனத்துடன் நடந்துகொண்டிருக்க வேண்டும். அதனால்தான் இனி நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அடியும் காகிதத்தில் பதிவாகட்டும்.

'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம் உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேச்சு மட்டுமே. அது அரசையோ கிணற்று வீட்டுக்காரரையோ கட்டுப்படுத்தாது. தெரிந்ததை மறைத்து விற்றால், மோசடி என்று அவரே வழக்குப் போடலாம். டிரம்களைப் பற்றி எழுத்தில் சொல்லிவிட்டு, பரிசோதனை அறிக்கை வந்தபின் விலை பேசுங்கள். யார் சுத்தம் செய்வது, எவ்வளவு தொகையை ஒதுக்கி வைப்பது என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். விலை குறையும், மறுக்கவில்லை. ஆனாலும் பிற்பாடு வரும் வழக்கைவிட அது மேல்.

அப்புறம், பணத்தைத் திரும்பப் பெறும் வழி. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அப்பாவின் பழைய பெட்டி, அலமாரி எல்லாவற்றையும் அலசி வாடகை ஒப்பந்தம், கடை உரிமம், ரசாயனம் வாங்கிய பில், முக்கியமாகப் பழைய காப்பீட்டுப் பத்திரங்களைத் தேடுங்கள். அமெரிக்காவில் 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய பொதுப் பொறுப்புக் காப்பீடுகள் (பிறருக்கு நேரும் சேதத்துக்கு ஈடு தருபவை) சிலவற்றில் இத்தகைய மாசுக்கு இன்றும் இழப்பீடு கேட்க முடிகிறது. அங்கே சில மாநிலங்களில் டிரை கிளீனிங் இடங்களைச் சுத்தம் செய்யத் தனி நிதியும் உண்டு. இந்தியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்கலாம். கெடு 5 ஆண்டுகள், அதுவும் வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. தாமதிக்காதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: கட்டடத்தைப் பூட்டுங்கள். டிரம்களைத் திறக்காமல், நகர்த்தாமல், லேபிள் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். ஏதாவது கசிந்தால் அன்றைக்கே மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். ஒரு சுற்றுச்சூழல் வழக்கறிஞரைப் பிடித்து, அவர் மூலமாகப் பரிசோதனை நிபுணரை அமர்த்துங்கள். மண், நிலத்தடி நீர், தரைக்கடியில் உள்ள ஆவி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முறைப்படி செய்யாத சுத்திகரிப்புச் செலவைப் பின்னால் யாரிடமும் வசூலிப்பது கடினம்.

கிணற்று வீட்டுக்காரரிடம் மட்டும் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே பேசிவிடுங்கள். சொன்னால் வழக்குப் போட்டுவிடுவார் என்று பயப்படுவீர்கள். சொல்லாமல் விட்டு அவர்கள் அதையே குடித்துக்கொண்டிருந்தால், எந்தத் தற்காப்பும் உங்களுக்குக் கைகொடுக்காது. சோதனை முடியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். கொதிக்க வைத்துக் குடிப்பதும் தீர்வல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நஞ்சு ஆவியாகிச் சமையலறைக் காற்றில்தான் கலக்கும்.