110 கிலோமீட்டர் ஃபைபர் பாதையின் நடுவே மாட்யூலர் ரிப்பீட்டர் வைக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: இரண்டு முனைகளுக்கு நடுவே 110 கிலோமீட்டர் சிங்கிள் மோட் ஃபைபர் ஓடுகிறது. அதில் 10 ஜிகாபிட் ஈதர்நெட் வேண்டும். 68-வது கிலோமீட்டரில் ஒரு சின்னக் கருவி அறை இருக்கிறது, அங்கே மாட்யூலர் ரிப்பீட்டர் (வரும் ஒளியை வாங்கிப் புதிதாக அனுப்பும், கார்டுகள் செருகும் பெட்டி) வைக்க முடிவாகியிருக்கிறது. எப்படி நிறுவுவது, ஓடத் தொடங்கிய பிறகு எதைப் பார்ப்பது, உதிரியாக என்ன வைத்துக்கொள்வது?

பல வருடங்களாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். ரிப்பீட்டர் பெட்டியே கெட்டுப்போய் நான் ஓடிய நாட்கள் மிகக் குறைவு. பெட்டிக்குள் வரும் ஒளி குறைந்து போனதால், தேவைக்கு மேல் கூடியதால், கனெக்டர் முகத்தில் தூசி ஒட்டியதால் ஓடிய நாட்கள்தான் அதிகம். அதனால் பெட்டியைவிட ஒளியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில், ரிப்பீட்டர் உண்மையிலேயே தேவையா என்று பார்த்துவிடலாம். 1 ஜிகாபிட் போதும் என்றால் 120 கிலோமீட்டருக்கான மாட்யூல்கள் (ஒளியை அனுப்பிப் பெறும் சின்னச் செருகிகள்) கிடைக்கின்றன. ஃபைபர் நல்ல நிலையில் இருந்தால் நடுவில் எதுவும் வைக்காமலே போய்விடலாம். நடுவழியில் ஒரு பெட்டி என்றால் மின்சாரம், சூடு, பூட்டு, பராமரிப்பு எல்லாமே கூட வரும். தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. ஆனால் உங்களுக்கு 10 ஜிகாபிட் வேண்டும், அங்கே கதை வேறு. ஒளி தேய்வது மட்டும் பிரச்சினை இல்லை, போகப் போகத் துடிப்புகள் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வழக்கமான ஜி.652 ஃபைபரில், 1550 நானோமீட்டரில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு நானோமீட்டர் நிற அகலத்துக்குச் சுமார் 17 பிகோ விநாடி பரவல் வரும். 10 ஜிகாபிட்டில் ஒரு பிட்டின் அகலமே ஏறக்குறைய 97 பிகோ விநாடிதான். 110-ஐ 17-ஆல் பெருக்கினால் 1870. 80 கிலோமீட்டர் வகை மாட்யூல்கள் இந்தப் பரவலைப் பொதுவாக 1600 வரைதான் தாங்கும். ஆக, ஒளியைப் பெருக்குவது மட்டும் உங்களுக்கு உதவாது. எர்பியம் கலந்த ஃபைபர் பெருக்கி ஒளியைப் பெரிதாக்கும், ஆனால் கூடவே இரைச்சலையும் பெரிதாக்கும், பரவிய துடிப்பைப் பரவியபடியே அனுப்பும். உங்களுக்கு வேண்டியது ஒளியை மின்சாரமாக மாற்றி, பெருக்கி, வடிவம் திருத்தி, நேரத்தையும் சரிசெய்து மறுபடி புதிய ஒளியாக அனுப்பும் ரிப்பீட்டர். 1988-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் ஃபைபர் கேபிளான டாட்-8-இலும் இந்த மீட்டுருவாக்க வகை ரிப்பீட்டர்களைத்தான் வைத்தார்கள். எர்பியம் பெருக்கிகள் கடலுக்குள் போனது அதற்குப் பிறகு.

சரி, கணக்குக்கு வருவோம். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் ஒரு மாட்யூல்கூட வாங்காதீர்கள்.

68 கிலோமீட்டர் பக்கம்: 1550-இல் கிலோமீட்டருக்கு 0.22 டெசிபெல் இழப்பு என்று வைத்தால் 15. கேபிள் 4 கிலோமீட்டர் உருளைகளாக வந்திருந்தால் இரு முனைகளையும் சேர்த்துச் சுமார் 18 ஸ்ப்ளைஸ் (ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டும் மூட்டு), ஒன்றுக்கு 0.1 வீதம் 1.8. நான்கு கனெக்டர் இணைப்புகளுக்கு 0.5 வீதம் 2. மொத்தம் 18.8 டெசிபெல். 80 கிலோமீட்டர் மாட்யூல் பொதுவாக 0 முதல் +4 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து ஒளியை அளக்கும் அலகு) வரை அனுப்பும், –24 டிபிஎம் வரை குறைந்த ஒளியையும் கேட்கும். மோசமான நிலையில் கையிருப்பு 24 டெசிபெல், மிச்சம் 5.2. அதில் 3 டெசிபெல்லை எதிர்காலத்துக்கு ஒதுக்குங்கள். எங்காவது தோண்டி கேபிளை வெட்டிவிட்டால், நடுவில் ஒரு துண்டு சேர்த்து இரண்டு ஸ்ப்ளைஸ் போடுவோம், அப்படி ஒவ்வொரு முறையும் 0.2 கரையும். லேசரும் வயதாக ஆகக் களைக்கும்.

42 கிலோமீட்டர் பக்கம்: ஃபைபருக்கு 9.2, ஸ்ப்ளைஸ்களுக்கு 1.2, கனெக்டர்களுக்கு 2, ஆக 12.4 டெசிபெல். இங்கே பலரும் "42 தானே, 40 கிலோமீட்டர் மாட்யூல் போதும்" என்று நினைப்பார்கள். அந்த வகை –4.7 டிபிஎம் வரை குறைவாகவும் அனுப்பலாம், –15.8 வரைதான் கேட்கும். கையிருப்பு 11 டெசிபெல்தான். பெட்டியில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை நம்பாமல் டெசிபெல்லைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பக்கமும் 80 கிலோமீட்டர் மாட்யூலே போடுங்கள். வந்து சேரும் ஒளி –12.4 முதல் –8.4 வரை இருக்கும். அந்த வகையின் மேல் எல்லை பொதுவாக –7 டிபிஎம், அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ஃபைபர் நீங்கள் நினைத்ததைவிட நல்லதாக இருந்துவிட்டால் எல்லையை ஒட்டிப் போகும். ஒளியைக் குறைக்கும் 5 டெசிபெல் அட்டனுவேட்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் பெறும் முனையில் போடலாம்.

அந்த மேல் எல்லையை நான் பாடம் கற்ற இடம் என்றே சொல்வேன். ஒருமுறை, களத்துக்குக் கொண்டுபோகும் முன் மேசையில் மாட்யூல்களைச் சோதித்துக்கொண்டிருந்தோம். உடன் இருந்தவர் 80 கிலோமீட்டர் மாட்யூலின் அனுப்பும் துளையையும் பெறும் துளையையும் ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு ஃபைபர் கேபிள்) நேராக இணைத்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன், தடுக்கவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது, நல்ல மாட்யூல் என்று பெட்டியில் வைத்தோம். களத்தில் அதே மாட்யூல் –18 டிபிஎம்மில் பிழை மேல் பிழையாகக் கொட்டியது. நீண்ட தூர மாட்யூலுக்குள் இருப்பது மிக நுண்மையான ஒளி உணரி, கூடுதல் ஒளி அதன் உணர்திறனைக் கெடுத்துவிட்டது. இரண்டு நாள் ஃபைபரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். மேசைச் சோதனையில் எப்போதும் நடுவே 15 டெசிபெல் அட்டனுவேட்டர் போடுங்கள். உடன் வேலை செய்பவர்களிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி நிறுவுதல். ரிப்பீட்டரின் சேஸிஸை, அதாவது வெளிக்கூட்டை, சட்டகத்தில் பொருத்தியதும் முதல் வேலை எர்த் இணைப்பு, அதற்குப் பிறகே மின்சாரம். –48 வோல்ட் டிசி என்றால் நேர்முனைதான் தரையோடு சேரும், துருவத்தை மீட்டரால் பார்த்துவிட்டு முறுக்குங்கள். இரண்டு மின் உள்ளீடுகள் இருந்தால் இரண்டையும் வெவ்வேறு பிரேக்கரிலிருந்து எடுங்கள். ஒரே பிரேக்கரிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து அதை இரட்டைப் பாதுகாப்பு என்று எழுதிவைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். காலியான ஸ்லாட்டுகளை மூடித் தகடால் மூடுங்கள். திறந்து கிடந்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், ஓடும் மாட்யூலுக்குப் போகாது. குளிர்சாதனம் இல்லாத அறை என்றால் –40 முதல் 85 டிகிரி வரை தாங்கும் மாட்யூல்களையே கேட்டு வாங்குங்கள்.

மாட்யூல் கார்டைச் செருகும் முன் மணிக்கட்டுப் பட்டை கட்டுங்கள். ஓட்டத்திலேயே கழற்றி மாட்டலாம் என்று எழுதியிருந்தாலும், கை நிலைமின்சாரத்துக்கு அது பொருந்தாது.

அப்புறம் வேக அமைப்பு. நேரத்தைத் திருத்தும் ரிப்பீட்டருக்கு எந்த வேகத்தில் பிட் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். 10 ஜிகாபிட் ஈதர்நெட் ஃபைபரில் ஓடுவது நொடிக்கு 10.3125 ஜிகாபிட் வேகத்தில். தொலைத்தொடர்பு வலைகளில் வரும் எஸ்டிஎம்-64 தரம் என்றால் 9.953. இரண்டையுமே பேச்சில் "10ஜி" என்றுதான் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான். வேகம் தவறாக இருந்தால் ஒளி அளவு அழகாகக் காட்டும், ஆனால் கடிகாரம் பிடிபடாது, ஒரு பாக்கெட்டும் போகாது.

இப்போது சுத்தம். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் மையப்பகுதி 9 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதை முழுதாக அடைத்துவிடும். அதைவிட மோசம், அழுக்கோடு இரண்டு கனெக்டர்களைச் சேர்த்து அழுத்தினால் கண்ணாடியிலேயே கீறல் விழும், அதற்குப் பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. புதுப் பேட்ச் கார்டைப் பையிலிருந்து பிரித்ததும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். தூசி மூடியின் உள்பக்கமே அழுக்காக இருப்பது உண்டு. நுண்ணோக்கியில் பாருங்கள், துடையுங்கள், மறுபடி பாருங்கள், பிறகு மாட்டுங்கள். எதிர்ப்பக்கக் கனெக்டரையும் அப்படியே. பச்சை நிறக் கனெக்டர் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் சாய்வில்லாதது. இரண்டையும் நேராகச் சேர்க்கக் கூடாது. பேட்ச் பேனல் பச்சையாகவும் மாட்யூல் நீலமாகவும் இருந்தால், ஒரு முனை பச்சை, ஒரு முனை நீலம் உள்ள பேட்ச் கார்டு வாங்குங்கள்.

கண் பத்திரம். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கைபேசிக் கேமராவிலும் தெரியாது. இருட்டாகத் தெரிவதால் ஒளி இல்லை என்று ஆகிவிடாது. நுண்ணோக்கியில் பார்க்கும் முன் பவர் மீட்டரில் இருட்டு என்று உறுதி செய்யுங்கள், ஒவ்வொரு முறையும்.

இணைக்கும் வரிசையில் நான் விடாமல் பின்பற்றும் ஒன்று உண்டு: ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொடுவேன். 68 கிலோமீட்டர் முனையிலிருந்து வரும் ஒளியைப் பேட்ச் பேனலில் மீட்டரால் அளந்து, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மாட்யூலில் மாட்டுவேன். பிறகு வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும்படி ரிப்பீட்டரிலேயே லூப் போட்டு, அந்த முனையிலிருந்து பிழைச் சோதனையை இரவு முழுக்க ஓடவிடுவேன். 10 ஜிகாபிட்டில் பிழை விகிதம் 10-இன் அடுக்கு –12 என்றாலே சராசரியாக 100 நொடிக்கு ஒரு பிழை. ஐந்து நிமிடச் சோதனை ஒன்றும் சொல்லாது. அது சுத்தமாக வந்த பிறகுதான் 42 கிலோமீட்டர் பக்கம்.

இந்தச் சமயத்தில் இரண்டு அமைப்புகளை அணைத்து வையுங்கள். ஒன்று, ஒரு பக்கம் இணைப்பு போனால் மறுபக்க லேசரையும் நிறுத்தும் வசதி. இன்னொன்று, ஒளி வராவிட்டால் தானாக லேசரை அணைக்கும் வசதி. இவை இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு பக்கத்தை மட்டும் சோதிக்கும்போது லேசர் அணைந்து அணைந்து எரியும், மாட்யூல் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள். முதல் வசதி இல்லாவிட்டால், 42 கிலோமீட்டர் பக்கம் கேபிள் வெட்டுப்பட்டாலும் 68 கிலோமீட்டர் முனையின் ஸ்விட்ச் இணைப்பு நன்றாக இருப்பதாகவே காட்டும், மாற்றுப் பாதைக்கு மாறாது. இயக்கிவிட்டு, ஒரு பேட்ச் கார்டை வேண்டுமென்றே உருவிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஓடத் தொடங்கிய அன்றே எல்லா மாட்யூல்களின் அனுப்பும் ஒளி, பெறும் ஒளி, லேசர் மின்னோட்டம், வெப்பநிலை நான்கையும் எழுதி வையுங்கள். இந்த முழுப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். மாட்யூல் தானாகச் சொல்லும் ஒளி அளவு, அதற்கான தரநிலைப்படியே 3 டெசிபெல் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே "–17 காட்டுகிறது, நல்லதா?" என்ற கேள்விக்கு அது சரியான பதில் தராது. ஆனால் முதல் நாள் –17 காட்டியது இன்று –19.5 காட்டுகிறது என்றால் அந்த மாற்றம் நம்பத் தக்கது. எச்சரிக்கை எல்லையை மாட்யூலின் –24-ஐ ஒட்டி வைக்காமல், முதல் நாள் அளவிலிருந்து 2 டெசிபெல் குறைந்தாலே மணி அடிக்கும்படி வையுங்கள்.

அந்தக் குறிப்பு இருந்தால் கோளாறு தேடுவது பாதி முடிந்த மாதிரி. பெறும் ஒளி திடீரென்று 2 டெசிபெல் இறங்கினால் யாரோ ஒரு மூட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள் அல்லது கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. ஓடிடிஆரில் (துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளியை வைத்து இழப்பு எங்கே என்று காட்டும் கருவி) 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் பாருங்கள். 1550-இல் மட்டும் இழப்பு அதிகமாகத் தெரிந்தால் மடிப்பு, இரண்டிலும் ஒரே அளவில் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்ப்ளைஸ் அல்லது கனெக்டர். ஒளி அளவு மாறாமல் பிழை மட்டும் ஏறினால் கனெக்டர் முகத்தையும் எதிரொளிப்பையும் பாருங்கள். மாதக்கணக்கில் லேசர் மின்னோட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஒளி குறையாவிட்டாலும் அந்த மாட்யூல் வயதாகிவிட்டது. நிற்கும் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

உதிரிக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் ஒரே வகை மாட்யூல் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு மாட்யூல்களுக்கும் ஒரே உதிரி பொருந்தும். இரண்டு வாங்கி, ஒன்றைக் கருவி அறையிலும் இன்னொன்றைத் தொலைவில் உள்ள முனையிலும் வையுங்கள். அத்தோடு ஒரு ரிப்பீட்டர் கார்டு, ஒரு மின்வழங்கி, 5, 10, 15 டெசிபெல் அட்டனுவேட்டர்கள், இரண்டு பேட்ச் கார்டு, கனெக்டர் துடைப்பான். உதிரி மாட்யூலை அட்டனுவேட்டர் போட்டுச் சோதித்து, அதன் அளவுகளையும் தேதியையும் அதன் பெட்டி மேலேயே ஒட்டிவிடுங்கள்.