யோவன்னாள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

லூக்கா சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள் என்று ஒருவர் வருகிறார். எங்கள் சபையில் அவரைக் காணிக்கை கொடுத்த சீமாட்டியாக மட்டுமே சொல்வார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஏதேனும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. யோவன்னாள் வீட்டில் இருந்தபடி பணம் அனுப்பியவர் அல்லர். நோய் நீங்கப்பெற்று, இயேசுவோடும் அவருடைய பன்னிரண்டு சீடர்களோடும் ஊர் ஊராகச் சென்ற பெண்களில் ஒருவராகவே லூக்கா அவரைக் குறிப்பிடுகிறார்.

அவர் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூசா பணிபுரிந்த ஏரோது அந்திப்பா, கலிலேயாவையும் பெரேயாவையும் கி.பி. 39 வரை ஆண்டவன். யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டச் செய்தவன். இயேசு ‘நரி’ என்று சொன்னது இவனைத்தான். அவனுக்கு ஆண்டுக்கு 200 தாலந்து (அக்காலத்துப் பெரும் பண அளவு) வருமானம் வந்ததாக வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். குடியானவர்களிடமும் மீனவர்களிடமும் தண்டிய அந்த வரியில் ஒரு சிறு பங்கு கூசாவின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் கை வழியாக மீனவர்களான சீடர்களின் சாப்பாட்டுக்கே திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்திப்பாவின் உப்பைத் தின்ற குடும்பத்துப் பெண், அவன் கொல்லத் தேடுவதாகப் பேசப்பட்ட ஒருவரின் பின்னால் வெளிப்படையாக நடந்ததில் இருந்த ஆபத்து வேடிக்கையானதல்ல. காணிக்கையை விட அந்தத் துணிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. ரோம ஆளுநன் பிலாத்து இயேசுவை அந்திப்பாவிடம் அனுப்பியதையும், அங்கே அவருக்கு மினுக்கான வஸ்திரம் உடுத்திப் பரியாசம் செய்ததையும் நான்கு சுவிசேஷங்களில் லூக்கா மட்டுமே சொல்கிறார். யோவன்னாளின் பெயரைச் சொல்பவரும் அவர் மட்டுமே. அரண்மனைச் செய்தி இவரைப் போன்றவர்கள் மூலமாகவே வெளியே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

24-ஆம் அதிகாரத்தில் அவர் மறுபடியும் வருகிறார். கல்லறை வெறுமையாக இருந்ததை மகதலேனா மரியாளோடு சேர்ந்து அவரும் வந்து சொல்ல, அப்போஸ்தலர்கள் அதை வீண்பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். இத்தனை நாளும் அவர் செலவில் சாப்பிட்டவர்கள்! உங்கள் சபையில் எப்படியோ, கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டருக்குப் பின் வரும் இரண்டாம் ஞாயிற்றைக் கல்லறைக்கு நறுமணத் தைலம் கொண்டுபோன பெண்களுக்கென்றே ஒதுக்கியிருக்கின்றன. அவர்களில் யோவன்னாளும் ஒருவர்.