துளசியில் வாசனையே இல்லையா? வெளிச்சத்தைப் பாருங்கள்

கேள்வி: அறைக்குள் ஜன்னலோரம் வைத்த துளசி நெடுநெடுவென்று ஒல்லியாக வளர்கிறது. இலையைக் கசக்கினாலும் வாசனை இல்லை. மொட்டை மாடியில் இருக்கும் வல்லாரைக்கோ இலை ஓரம் கருகுகிறது. இரண்டுக்கும் ஒரே உரம்தான் போடுகிறேன். எங்கே தவறு?

பதில்: உரத்தை விட்டுவிடுங்கள். இரண்டு தொட்டிகளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

வெளிச்சம் பற்றாத செடி அதைத் தேடி ஓடும். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே இடைவெளி கூடும், இலை மெலிந்து வெளிறும். தயாரிக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையும் உயரம் போவதிலேயே தீர்ந்துவிடும். வாசனை எண்ணெய்க்கு மிச்சம் இருக்காது. துளசி இலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். யூஜினால் போன்ற எண்ணெய்களைச் சேர்த்து வைக்கும் சுரப்பிகள் அவை. நல்ல வெயிலில் வளர்ந்த இலையில் நெருக்கமாக இருக்கும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் புற ஊதா பி கதிரும் அவற்றைத் தூண்டும். ஜன்னல் கண்ணாடியோ அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

‘ஜன்னலோரம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது’ என்பீர்கள். இதில் நம் கண்ணை நம்பவே கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அறையின் நடுவில் சில நூறு லக்ஸ்தான். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் உறைப்பதில்லை. நண்பகலில் இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விளிம்பு கூர்மையாக விழுந்தால் துளசிக்கு ஏற்ற இடம். மங்கலாக விழுந்தால் வல்லாரைக்குப் போதும். நிழலே விழாவிட்டால் எந்த மூலிகையும் அங்கே வேண்டாம்.

சரி, துளசியை இன்றே வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். நிழலில் விரிந்த இலை கருகிவிடும். முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். பழைய இலைக்கு வாசனை வரவில்லையே என்று பார்க்க வேண்டாம், புதுத் துளிரைக் கசக்கிப் பாருங்கள்.

வல்லாரை ஈர மண்ணில் படரும் செடி. காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் போதும். தொட்டி மண் காய்ந்தாலும் ஓரம் கருகும், அதையும் பாருங்கள். அதற்காக ஒரேயடியாக இருட்டில் வைத்தால் காம்பு நீண்டு, இலை பெரிதாகிவிடும். பெரிய இலை என்றால் வீரியம் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். துளசி, புதினாவில் வாசனையை வைத்து ஓரளவு கணிக்கலாம். வல்லாரையின் மருந்துச் சத்தான ஆசியாட்டிகோசைடுக்கு வாசனை கிடையாது, மூக்கு அங்கே உதவாது.

வெயில் வரவே வழியில்லையென்றால் செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கைச் செடிக்கு மேலே ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். இலை மட்டத்தில் கை வைத்தால் சூடு தெரிகிறதா? அப்படியானால் இன்னும் நாலு விரல் மேலே ஏற்றுங்கள்.